தூங்கிய உயரம் ஒன்றரை அடி

“கட்டில் ஒன்றரை அடிதான் அண்ணி, அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை எதுக்கு எழுதினீங்க?”

“கேட்டிருந்தாங்க, எழுதினேன். ‘இரவு தூங்கிய அதிகபட்ச உயரம்’னு இருந்துச்சு. டேப் வச்சு அளந்துதான் போட்டேன். மெத்தையையும் சேர்த்து.”

நாத்தனார் விண்ணப்பத்தின் நகலை வெட்டு மேசையில் வைத்து, அதன் மேல் தன் தலையையும் வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சிரிப்பு.

“அதுக்கு மேல் வரி, ‘இதுவரை எட்டிய அதிகபட்ச உயரம்’. அதுக்கு ஐந்தடி இரண்டங்குலமாம்!”

“அதுல என்ன தப்பு? இப்போ ஐந்தடி ஒண்ணேகால்தான். கல்யாணத்தப்போ ரெண்டு இருந்தேன். அதிகபட்சம்னு கேட்டதால பழைய அளவைப் போட்டேன்.”

“அண்ணி, அது மலையோட உயரம். நீங்க எவ்வளவு உயரமான மலையில ஏறியிருக்கீங்க, எவ்வளவு உயரத்துல ராத்திரி தங்கியிருக்கீங்கன்னு கேக்கறாங்க.”

அண்ணி நகலை இழுத்து அந்த வரியை மறுபடி படித்தாள். “அப்படித் தெளிவாக் கேட்டிருக்கலாம்ல? ஒரு தையல்காரிகிட்ட உயரம்னு சொன்னா அவ உச்சந்தலையிலேருந்து குதிகால் வரைக்கும்தான் அளப்பா” என்றாள்.

இமயமலை நடுவே இருக்கும் ஒரு நாட்டுக்குப் பத்து நாள் நடைப்பயணம். இருவரும் மூன்று மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நாத்தனாருக்கு மருந்துக்கடை; ஏற்கெனவே மலை ஏறிப் பழகியவள். தலைவலிக்கு, வயிற்றுக்கு, கால் கொப்புளத்துக்கு, தண்ணீரைச் சுத்தப்படுத்த என்று மாத்திரைகளைப் பிரித்துப் பொட்டலம் கட்டுவது அவள் பொறுப்பு. துணிமணி அண்ணியுடையது. புது பூட்ஸைப் போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. அண்ணியோ நாளெல்லாம் மெஷினில்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் பூட்ஸ் காலோடு மிதித்தாள். அந்தத் தடித்த அடிக்குப் பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. போன வாரம் ஒருவருடைய கால்சட்டையில் இரண்டு கால்களும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன.

பயணம் நடத்துபவரை எல்லோரும் மலை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அவருடைய குழுக்களுக்கு எட்டு வருடமாக ஜெர்கின் தைத்துக் கொடுப்பது அண்ணி. மலைக்குப் போன ஜெர்கின்கள் கிழிசலோடு அவளிடமே திரும்பி வரும். பைகளைத் தடவினால் ஏதாவது அகப்படும். தெரியாத எழுத்தில் அச்சடித்த மிட்டாய்த் தாள், காய்ந்த ஊசியிலை, ஒரு தடவை பனி உருகியது போல மினுமினுத்த சின்னக் கல். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அன்று ஒரு மணி நேரம் மெஷினையே மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என் தையல் எல்லாம் போயிட்டு வந்துடுச்சு. நான் மட்டும்தான் போகலை” என்று இந்த வருடம் அவரிடமே சொல்லி, பெயர் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் மலை வாத்தியாரே போன் செய்தார். நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, ஒன்றரை அடியில தூங்கிப் பழகினவங்களை நான் நாலாயிரம் மீட்டர்ல எப்படிப் படுக்க வைக்கிறது?”

“மெத்தை இல்லாமலும் தூங்குவேன் சார்.”

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு சீக்கிரம் முடிந்தது. “நீங்க எங்க கூட வந்ததில்லைன்னுதான் நினைச்சேன், மலையே ஏறினதில்லைன்னு எனக்குத் தெரியாது. காத்திருப்புப் பட்டியல்ல ஒரு பேங்க் மேனேஜர் இருக்கார், அனுபவம் உள்ளவர். அஞ்சு மணிக்கு போன் பண்ணுவார், அவருக்கு நான் பதில் சொல்லணும். நீங்க நாலரைக்கு என் ஆபீசுக்கு வாங்க. பதினோரு மாடி. முதுகுல ஏழு கிலோ. பேசிக்கிட்டே ஏறணும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா மலையில ஆபத்து. பேச்சு நின்னா உங்க இடம் அவருக்கு.”

போனை வைத்ததும் நாத்தனார் கைதட்டினாள். “பேசிக்கிட்டேயா? அண்ணி, இது உங்களுக்குன்னே வச்ச பரீட்சை! எங்க அண்ணன் இருபது வருஷமா உக்காந்த இடத்துலேயே மூச்சு வாங்கறாரே, யார் பேச்சைக் கேட்டு?”

“உன் அண்ணனுக்கு மூச்சு வாங்கறது தொப்பையால.”

துணிக்கட்டை எடை போட்டு, ஏழு கிலோ பையில் திணித்துக்கொண்டு போனார்கள். மலை வாத்தியார் காகிதமும் பேனாவுமாக முன்னால் ஏறினார், நாத்தனார் பின்னால். முதல் மாடியில் அண்ணி, அவருடைய இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறக்கம் என்றும் எட்டு வருடமாக அதை யாருக்கும் தெரியாமல் தைத்து மறைப்பது தான்தான் என்றும் சொன்னாள். மூன்றாம் மாடியில் வக்கீல் அலுவலகத்துத் திரைச்சீலையைப் பார்த்து, இதைத் தைத்தவன் மேல் அந்த வக்கீலே வழக்குப் போடலாம் என்றாள். ஐந்தாம் மாடியில் மலை வாத்தியார் சிரித்ததில் அவருக்குத்தான் மூச்சு இரைத்தது.

ஆறாவதில் படிகள் குறுகின. பை ஒரு பக்கம் சரிந்தது. அண்ணி வாரை இழுத்துச் சரிசெய்து, படியைப் பார்த்தாள். ஒரு படிக்கு ஒரு மூச்சு. அடுத்த படிக்கு அடுத்த மூச்சு. நேர்த்தையல் விழுவது போல எல்லாம் ஒரே சீராக விழ ஆரம்பித்தது. அவளுக்கே ஆனந்தமாக இருந்தது.

ஏழாவது மாடியில் பேச்சு நின்றது.

“அண்ணி!” நாத்தனார் பின்னாலிருந்து விரலால் குத்தினாள். “எதாவது சொல்லுங்க!”

“ம்.”

“எங்க அண்ணனைத் திட்டுங்களேன்!”

“ம்.”

“‘ம்’மெல்லாம் பேச்சில சேராதும்மா” என்றார் மலை வாத்தியார். அவர் குரலிலேயே வருத்தம் இருந்தது. காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

மொட்டை மாடிக்கு வந்து பையை இறக்கி வைத்த பிறகுதான் அண்ணி வாயைத் திறந்தாள். மூச்சு நிதானமாக இருந்தது.

“பேச்சை நிறுத்தினது மூச்சில்ல சார். ஊசி.”

“ஊசியா?”

“குண்டூசி. முப்பது வருஷமா அதை உதட்டுல கவ்விக்கிட்டுத்தான் துணியைப் பொருத்தறேன். வேலை நல்லா ஓட ஆரம்பிச்சா வாய் தானா மூடிக்கும். இப்போ வாயில ஊசி இல்லைங்கறது இந்த உதட்டுக்கு எங்கே தெரியுது?”

“சத்தியம் சார்” என்றாள் நாத்தனார். “இவங்க துணி பொருத்தும்போது வீடு தீப்பிடிச்சாலும் கையைக் காட்டித்தான் சொல்லுவாங்க. வேணும்னா நாடி பாருங்க.” ஓடிவந்து தானே அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினாள்.

மலை வாத்தியார் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டார். “நான் நம்பறேன். ஆனா அங்க பனியில, எனக்குப் பின்னால நீங்க ‘ம்’னு மட்டும் சொல்லிக்கிட்டு வந்தா, அது ஊசியா மூச்சான்னு நான் எப்படிம்மா கண்டுபிடிப்பேன்?”

கேள்வி நியாயமானது என்பது அண்ணியின் முகத்திலேயே தெரிந்தது. நாத்தனாரும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். “பேங்க் மேனேஜர்” என்றார். “பத்து நிமிஷம் முன்னாடியே.”

அண்ணி குனிந்து பையைத் தூக்கி மறுபடி முதுகில் மாட்டிக்கொண்டாள்.

“இப்பவே கீழே இறங்கி முதல் படியிலேருந்து ஏறறேன் சார். பேசிக்கிட்டே வரேன், கடைசிப் படி வரைக்கும். அதுவரைக்கும் அந்த போனை மட்டும் எடுக்காம இருப்பீங்களா?”