மூன்றாம் தண்ணீர்

மாமனார் தண்ணீர் குடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வந்தார். வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. துவைக்க வேண்டிய துணி குறைந்தது மட்டும் தெரிந்தது. கண்ணெதிரே ஒரு ஆள் காய்ந்துகொண்டிருந்தார். மருமகள் கொடிக்கயிற்றில் தொங்கிய துணியை எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய உடம்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கும்போதே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் கட்டில்தான். இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். பேச்சு குழறும், ஆனால் நக்கலுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஆரம்பத்தில் அவருக்குக் கடையில் விற்கும் டயப்பர்தான் கட்டினார்கள். நாளுக்கு மூன்று. சுருட்டி, கவரில் போட்டு, தெருமுனைத் தொட்டியில் எறிந்தால் வேலை முடிந்தது. அதை நிறுத்தியது அவருடைய மகன். அவன் குப்பை லாரியில் லோடுமேன். தொட்டியைக் கவிழ்ப்பான், சிந்தியதைக் கையால் அள்ளிப் போடுவான். ஒருநாள் லாரியின் பின்பக்கம் குப்பையை அமுக்குகிற மிஷின் இறங்கும்போது, யார் வீட்டு டயப்பரோ ஒன்று பட்டென்று வெடித்து அவன் முகத்தில் அடித்தது. வாய் திறந்திருந்தது. கூட இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “உங்கப்பன் பார்சல் அனுப்பியிருக்காரு, வாங்கிக்கடா” என்றான் டிரைவர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் மூன்று தடவை குளித்தான். பிறகு தலையைக்கூடத் துவட்டாமல் பெண்டாட்டி முன்னால் வந்து உட்கார்ந்தான்.

“இனிமே இந்த வீட்லேர்ந்து அந்தக் கருமம் வெளியே போகக் கூடாது. ஊர்ல இருக்கறவனை என்னால திருத்த முடியாது. நம்ம வீட்டுது இன்னொருத்தன் வாயில விழ வேணாம்.”

“அப்போ மாமாவுக்கு?”

“துணி கட்டு. உன் கம்பெனியில மூட்டை மூட்டையா வேஸ்ட் துணி கழிச்சுப் போடறானே.”

“யாரு துவைக்கறது?”

அந்தக் கேள்விக்கு எந்த வீட்டிலும் யாரும் பதில் சொல்வதில்லை. அவன் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

அவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் உருப்படியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரைக்கும் விரல்தான் பேசும். அங்கே கழித்துப் போட்ட மெத்தென்ற துணியைக் கேட்டு வாங்கிவந்தாள். நான்காக மடித்துக் கட்டினால் ஒரு தடவை தாங்கும்.

துணியோடு விஷயம் நிற்கவில்லை. அவனுக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனால் பை, எண்ணெய்க்குத் தூக்கு. வீட்டுக்குள் நான்கு டின்: காய்கறித் தோல், காகிதம், பிளாஸ்டிக், மற்றது. பத்து வயது மகளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பட்டம் கொடுத்து டின்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்மாவையே அதட்டினாள்: “பேப்பர்ல எண்ணெய் இருக்கு, இது நாலாவது டின்.” எதிர்வீட்டுக்காரிக்கு இதெல்லாம் வேடிக்கை. “உங்க வீட்ல எச்சில் துப்பினாக்கூட பிடிச்சு வெச்சுச் செடிக்கு ஊத்துவீங்க போல” என்பாள்.

தோலை மக்க வைக்க ஒரு பழைய பெயின்ட் டிரம். காற்று வருகிற இடம் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் ஒன்றுதான் என்பதால் அதை மாமனாரின் தலைமாட்டில் வைத்தார்கள். “நல்லது. நானும் அதும் ஒண்ணா மக்கறோம். யாரு முந்தறோம்னு பாக்கலாம்” என்றார் அவர்.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதனால் துணியை மூன்று தண்ணீரில் துவைப்பது என்று ஏற்பாடு. முதல் தண்ணீரில் அழுக்கு போகும், அது கக்கூஸுக்கு. இரண்டாவதில் சோப்பு போகும்; அது தரை கழுவ. மூன்றாவதில் அலசினால் ஓரளவு தெளிவாக நிற்கும். அதைக் கொட்டாமல் மூடி வைத்தால் அடுத்த துவைப்புக்கு அதுதான் முதல் தண்ணீர். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஒன்பது துணி, மூன்று வாளி, விடிகாலையில் ஒரு தடவை, வேலைவிட்டு வந்து ஒரு தடவை. கணவனும் சும்மா இல்லை, வாளி தூக்கினான், துணியை உலர்த்தினான். ஆனால் கசக்குவது அவள்தான். இரண்டே மாதத்தில் விரலிடுக்கு வெந்து, தோல் உரிந்து, வெடித்தது.

கம்பெனியில் வெள்ளைச் சட்டை வேலை ஓடிய ஒருநாள் நான்கு உருப்படியில் ரத்தப் பொட்டு. சூப்பர்வைசர் நான்கையும் அவள் மடியில் போட்டார். “இன்னொரு பீஸ்ல பொட்டு பார்த்தேன்னா, நீ வீட்டுலயே இருந்துக்கோம்மா.”

அன்று மாலை மாமனாருக்குச் சோறு ஊட்டும்போது ஸ்பூனைப் பிடித்தாள். எப்போதும் கையால் பிசைந்து ஊட்டுகிறவள். அவர் ஸ்பூனைப் பார்த்தார், அவள் விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“என்னம்மா கையில?”

“கத்தரி பட்டுச்சு மாமா.”

“பத்து விரல்லயுமா?”

அவள் அடுத்த ஸ்பூனை நீட்டினாள். அவர் மென்றுகொண்டே கொடிக்கயிற்றைப் பார்த்தார்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. லோடு ஏற்றுகிற நாளில் காலையிலிருந்து ஒரு வாய் குடிக்க மாட்டார்கள். குடித்தால் நடுவில் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் மேஸ்திரி திட்டுவான். நாக்கைக் கன்னத்தில் அழுத்தி எச்சில் ஊற வைத்து ஓட்டுவது எப்படி என்று அந்த உடம்புக்குத் தெரியும். இப்போது சொம்பை இடது கையால் எடுத்து, இரண்டு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தலைமாட்டு டிரம்மில் ஊற்றினார். மாலையில் பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்பார்: “இன்ஸ்பெக்டரம்மா, இன்னைக்கு எத்தனை?”

“ஏழு தாத்தா.”

“நாளைக்கு ஆறு ஆக்கறேன் பாரு.”

ஆக்கினார். ஆறு ஐந்தாயிற்று, ஐந்து நாலாயிற்று. மகன் லாரியில் எல்லாரிடமும் சொன்னான்: “எங்க வீட்ல இப்போ ரெண்டு வாளி தண்ணியே மிச்சம்.” அப்பாவின் தோளைத் தட்டி, “உடம்பு பழகிடுச்சுப்பா உங்களுக்கு” என்றான். கிழவர் இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டார்.

டிரம்தான் கெட்டுப்போனது. உரம் உதிரியாக வராமல் சேறாகி நாறியது, வெள்ளைப் புழு வைத்தது. மகள் தலையில் பழி விழுந்தது. “தண்ணிக் காயோட தோலை அதிகமாப் போடாதேன்னு சொன்னேன்ல?” என்று அதட்டிவிட்டு, காய்ந்த இலையும் மரத்தூளும் கொண்டுவந்து கொட்டினான். இரண்டு நாளில் மறுபடி சேறு. மறுபடி மரத்தூள். டிரம்முக்கு அப்படி வைத்தியம் நடந்தது.

மருமகளுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. நாலு துணிதான், ஆனால் கறை போகவில்லை. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு காய்ச்சிய டீத்தூளின் நிறம். வாடை மூக்கைத் துளைத்தது. வேலை செய்கிறவர்களுக்கு இப்படித்தான் போகும் என்று சொல்லிக்கொண்டாள். கம்பெனியில் கக்கூஸுக்கு எழுந்து போவதற்குக் கேள்வி உண்டு; அவளும் பகலில் குடிப்பதில்லை, அவளுக்கும் இதே நிறம்தான். கட்டிலில் கிடக்கிறவர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி அவளுக்கும் வந்தது. வந்ததை அப்படியே மூன்றாம் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டாள். விரலிடுக்கில் புதுத்தோல் வர ஆரம்பித்திருந்தது. கத்தரியை வலிக்காமல் பிடிக்க முடிந்தது. பத்து நாள் அவள் வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் மாமனாருக்குக் காய்ச்சல். கண் சொருகி, அவளை மேஸ்திரி என்று நினைத்துப் பேசினார். “இன்னும் ரெண்டு நடைதான் மேஸ்திரி, முடிச்சிட்டுப் போயிடறேன்.” துணியை அவிழ்த்தாள். காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அவருக்கு டயப்பர் கட்டினார்கள். கணவன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு குழாய் சொருகினார்கள். பையில் இரண்டு விரல் அளவு பழுப்பு நீர் விழுந்தது, அதோடு நின்றது.

நர்ஸ் கேட்டாள், “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாரு?”

“குறையே இல்லம்மா,” என்றான் அவன். “மூணு சொம்பு வைக்கறோம். மூணும் காலியாயிடும்.”

“மூணு சொம்பு குடிக்கற உடம்பாய்யா இது? நாக்கைப் பாரு. செருப்புத் தோல் மாதிரி இருக்கு.”

அவன் விழித்தான். அவளுக்கு அந்த டிரம் நினைவுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் அவருக்குத் தெளிவு வந்தது. கணவன் டீ வாங்கப் போயிருந்தான். அவள் கட்டிலோரம் குனிந்தாள்.

“ஏன் மாமா அதுல ஊத்துனீங்க?”

“லோடு ஜாஸ்தியா இருந்துச்சு. ரெண்டு மூட்டை இறக்கி வெச்சேன்.”

“என்னைக் கேட்டீங்களா?”

“கேட்டா நீ வேணாம்பே. அப்புறம் உன் கையை யாரு பாக்கறது?” மூச்சு வாங்கினார். “இப்போ எப்படி இருக்கு? காட்டு.”

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆறியிருந்த அந்தக் கையைக் காட்ட அவளால் முடியவில்லை.

டாக்டர் ஆறாம் நாள் அவர்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கிட்னி இரண்டும் கைவிட்டாயிற்று, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் போட்டால் இந்த இருதயம் தாங்காது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொன்னார்: “தண்ணி மட்டும் அளந்து குடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர். அதுக்கு மேல போனா வெளியே போக வழியில்லை, நெஞ்சுல கோர்த்துக்கும். மூச்சு திணறும்.”

வீட்டுக்கு வந்தார்கள். டிரம்மைக் கணவன் தானே தூக்கிப்போய்ப் பின்சந்தில் வைத்தான். வழியெல்லாம் சேறு ஒழுகியது, துடைத்தான். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கிவந்து கட்டில் மேல் வைத்தான். காலையில் கட்டியது மாலைவரை மொடமொடப்பாக இருந்தது. ஈரத்தைப் பார்த்தாலே பல்லைக் கடித்தவள் இப்போது கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மணிக்கொரு தடவை கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

சமையலறையில் அவன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

“துணியில கறை பத்து நாளா கறுத்துக்கிட்டே வந்துச்சு. நான் பார்த்தேன். சொல்லல.”

அவன் துலக்கிய தட்டையே திரும்பத் திரும்பத் துலக்கினான்.

“நான் ஊர்க்குப்பையை அள்றவன்,” என்றான் கடைசியில். “தோல்ல எவ்வளவு தண்ணி விடும்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சேறு தோல்ல வந்தது இல்லைன்னு முதல் நாளே தெரியும். மரத்தூளைக் கொட்டிக்கிட்டே இருந்தேன்.”

“ஏன்?”

“ரெண்டு வாளி மிச்சம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அந்த வீட்டில் பாத்திரத்துக்கும் மூன்று தண்ணீர்க் கணக்குதான். அவன் மூன்றாவது வாளியை எடுத்துத் தட்டை அலசப் போனான். அதை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தான்.

இரண்டு டம்ளர் என்பது நாலு விழுங்குக்குத்தான் வரும் கிழவருக்கு. குடிக்கமாட்டேன் என்று கொட்டியவருக்கு இப்போது தாகம் பிடித்துக்கொண்டது. காலை டம்ளர் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று நாள் அவள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் பஞ்சைச் சப்பினார், குழந்தை விரலைச் சப்புவதுபோல. நான்காம் நாள் மத்தியானம் கால் இரண்டும் வீங்கியிருந்தன, நகம் நீலம் பூத்திருந்தது. அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் இன்னும் கொஞ்சம் பலம் மிச்சம் இருந்தது.

“தண்ணி குடும்மா.”

“டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு மாமா. மூச்சு முட்டும்.”

“முட்டட்டும். நாற்பது வருஷம் அடக்குனது. ஒரு தடவை வயிறு ரொம்பக் குடிச்சிட்டுப் போறேன்.”

அவள் எழுந்து போய்ச் சொம்பில் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்தாள். வாசலில் கணவன் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பி நின்றிருந்தான், கையில் ரப்பர் உறை. சொம்பைப் பார்த்தான். அவள் நின்றாள், அவன் ஏதாவது சொல்லட்டும் என்று. அவன் உறையைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, அப்பாவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான்.

“மெதுவா, மாமா,” என்றாள் அவள்.

அவர் மெதுவாகக் குடிக்கவில்லை. கடகடவென்று குடித்தார். தாடை வழியாக வழிந்து சட்டை நனைந்தது, கட்டிலில் விரித்த துணி நனைந்தது, மகனின் காக்கிச் சட்டையும் நனைந்தது. யாரும் துடைக்கவில்லை. சொம்பு பாதியானபோது மூச்சுக்காக நிறுத்தினார். பிறகு மறுபடி வாயைத் திறந்தார். அவள் சாய்த்துப் பிடித்தாள்.