ஸகியா பிடித்த நோன்பு

வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது பெட்டிக்குள் சத்தம் நின்றுவிட்டது. பூனைக்குட்டி செத்துவிட்டதோ என்று பயந்து மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். பெற்றோல் டாங்கியின் மேல் கயிற்றால் கட்டியிருந்த பிஸ்கட் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், ஒரு மூலையில் சுருண்டு கிடந்தபடி மூக்கை மட்டும் வாவிக் காற்றுக்கு அசைத்துக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் நிறம். உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. விரலை நீட்டினேன், நக்கியது. பத்தொன்பது வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து எட்டு மாதமாகியிருந்தது. என்னைக் கண்டு ஒதுங்காத முதல் உயிர் இதுதான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது உண்மையில்லை. யாரும் என்னைக் கண்டு ஒதுங்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாலத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

குட்டியைத் தந்தது ரதீஸ். தோஹாவில் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தவன், இப்போது கரடியனாற்றில் வயல் செய்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், வைக்கோலுக்குள் தனியாகக் கத்திக்கொண்டிருந்த இதைக் கண்டு, எனக்குத் தா என்று கேட்டேன்.

"கொண்டு போங்க நானா. ஆனா ஒண்டு, இதோட பிறந்த ரெண்டும் சத்தி எடுத்துச் செத்துப் போச்சு. இது மட்டுந்தான் தப்பின. உங்கட வீட்டில பூன இருந்தா ஒரு மாசத்துக்குக் கிட்ட விடாதீங்க. தொத்திக்கும்."

"ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டினேன். காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது.

எங்கள் வீட்டில் பூனை இருந்தது. பெயர் மாசி. மகள் அம்னா பள்ளிக்கூடம் போன காலத்தில் தூக்கி வந்தது. மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்த உரலை நக்கிக் காலியாக்கியதால் வந்த பெயர் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அம்னா கலியாணம் முடித்து ஓட்டமாவடிக்குப் போய் மூன்று வருடம். பதினொரு வயதுக் கிழவி மாசியும் என் மனைவி ஸகியாவும்தான் காத்தான்குடியில் மிஞ்சியிருந்தார்கள். வீடு ஸகியாவின் சீதன வீடு. நான் இரண்டு வருடத்துக்கொரு தடவை இரண்டு மாத லீவில் வந்து போகிற ஆள். நான் வரும்போதெல்லாம் மாசி கட்டிலில் என் பக்கத்து இடத்தை விட்டு இறங்கி, நான் போனதும் திரும்ப ஏறிக்கொள்ளும். இந்தத் தடவையும் அப்படித்தான் இறங்கியது. இரண்டு மாதம் கழிந்ததும் ஒவ்வொரு நாளும் அறை வாசலுக்கு வந்து, அலுமாரிக்கு மேல் கிடந்த என் சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எப்போது போகப் போகிறாய் என்று கேட்பதுபோல இருக்கும்.

ஸகியா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு, மடித்த சாரம், கேட்ட கேள்விக்குப் பதில். ஆனால் பேச்சு முழுக்க மாசியோடு. மீன் வெட்டும்போது, உடுப்புக் காயப்போடும்போது, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். "இண்டைக்கு முழங்கால் குத்துது மாசி, படியேற ஏலாமக் கிடக்கு." என் மனைவிக்கு முழங்கால் வருத்தம் இருப்பது பூனைக்கு அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியவந்தது. எண்ணெய் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "சீச்சி, அது ஒண்டுமில்ல" என்று காலை இழுத்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று யாரிடம் சொல்வது?

பெட்டியோடு வந்த என்னைக் கண்டு ஸகியா சிரித்தாள்.

"ஆருக்கு இது?"

"எனக்கு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குட்டியை வாங்கிக் கழுத்தடியில் வைத்துச் சூடு காட்டினாள். "வெச்சிக்கங்க. ஆனா மாசி வயசாளி, அவட மனசறிஞ்சுதான் செய்யணும். உடன கொண்டு போய் முன்னால விட்டா நொந்து போயிருவா." நெல்மூட்டை வைக்கிற சின்ன அறையை ஒதுக்கிக் குட்டியை அங்கே விட்டாள். அதற்குத் தனிக் கோப்பை, தனிச் சாக்கு. முதலில் கதவின் கீழால் மணம் பிடிக்கட்டும், பிறகு தூரத்தில் வைத்துக் காட்டுவோம் என்று ஒரு மாதத்துக்கான திட்டம் அவளிடம் இருந்தது. எப்படியும் பிரித்துத்தானே வைக்கிறாள், ரதீஸ் சொன்னதைச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் குட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. அதுதான் பெரிய காரணம்.

ஒன்பதாம் நாள் அம்னாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்து, ஸகியா ஓட்டமாவடிக்குப் புறப்பட்டாள். போகும்போது வாசலில் நின்று, "மாசிக்கு முள்ளெடுத்துட்டு வைங்க. சின்னத வெளிய விட்டுராதீங்க" என்றாள்.

மாசிக்கு முள்ளெடுத்துத்தான் வைத்தேன். கிட்ட வந்து மணந்து பார்த்தது, திரும்பிப் போயிற்று. இன்னொரு துண்டு பொரித்து வைத்தேன். அதையும் மணந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது தடவை என் கையில் வைத்து நீட்டினேன். அது என் கையைப் பார்க்காமல் ஸகியா போன பாதையைப் பார்த்தது. எனக்குள் என்னவோ அறுந்தது. போய்ச் சின்ன அறையின் கதவைத் திறந்து குட்டியைத் தூக்கி வந்து மாசியின் கோப்பைக்கு முன்னால் விட்டேன். அது இரண்டு முன்னங்காலையும் கோப்பைக்குள் வைத்து, உறுமி உறுமித் தின்றது. மாசி வந்து சீறி ஓர் அடி அடித்தது. குட்டி கீச்சென்று கத்தியதும் நான் செருப்பைக் கழற்றி நிலத்தில் ஓங்கி அடித்து, "போ!" என்று கத்தினேன். மாசி வெளியே ஓடிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. மாசி படுக்கிற, ஸகியாவின் பழைய சால்வையை நாலாக மடித்துப் போட்ட இடத்தில், அந்த இரண்டு நாளும் குட்டியைப் படுக்க வைத்தேன். தண்ணீர்க் கோப்பையும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஸகியா வருவதற்கு முன், குட்டியைச் சின்ன அறைக்குள் விட்டுப் பூட்டினேன். சால்வையை உதறிப் பழையபடி மடித்தேன். கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தொத்திக்கும் என்ற சொல் அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

ஸகியா திரும்பி வந்த ஆறாம் நாள் காலையில் மாசி சத்தி எடுத்தது. மஞ்சளாக, நுரையாக. தண்ணீர்க் கோப்பைக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டபடி, குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. ஸகியா அதைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொள்ள, ஓட்டோ பிடித்து டவுணில் உள்ள மிருக வைத்தியரிடம் போனோம். டொக்டர் இளம் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டில வேற பூனை இருக்கா? புதுசா ஏதும் கொண்டு வந்தீங்களா?"

"ஒரு குட்டி இரிக்கி டொக்டர்" என்றாள் ஸகியா. "ஆனா அது தனி அறைக்குள்ள. ரெண்டும் இன்னம் முகங்கூடப் பாக்கல்ல. என்னங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாசி பார்க்கவில்லை. அது ஸகியாவின் கை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. நான் தலையாட்டினேன்.

"அப்ப சாப்பாட்டில ஏதோ பிழை. பழுதான சாமான் ஏதும் குடுத்தீங்களா?"

ஸகியாவின் முகம் மாறிற்று. முதல்நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பிரிட்ஜில் கிடந்த மீன்தலையை அவித்துக் கொடுத்ததாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டு போயிற்று. டொக்டர் சத்தி நிற்க ஊசி போட்டு, மருந்து எழுதித் தந்தார். ஓட்டோவில் வரும்போது ஸகியா, "என்ட கையாலதான் குடுத்தன்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்த நாள் காலையில், மருந்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் தனியாக டொக்டரிடம் போனேன். உண்மையைச் சொன்னேன். செத்துப்போன இரண்டு குட்டிகளையும் சொன்னேன். டொக்டர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"நேற்றுச் சொல்லியிருந்தா இஞ்சயே மறிச்சுச் சேலைன் ஏத்தியிருப்பன்."

"தப்பியிருக்குமா டொக்டர்?"

"அத என்னால சொல்ல ஏலாது. வயசுபோன பூனை. இப்ப உடன கொண்டு வாங்க."

நான் வீட்டுக்கு வரும்போது ஸகியா முற்றத்தில் இருந்தாள். மடியில் துவாய்க்குள் மாசி அசையாமல் கிடந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனேன். குழி வெட்டுவதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியில் சாகவிட்ட பெண் நரகம் போன கதையை, குர்ஆன் ஓதப்போன எல்லாப் பிள்ளைக்கும் எங்கள் ஊரில் தெரியும். அந்த வாரம் ஸகியா தொழுகைப் பாயை விட்டு எழும்ப நேரமெடுத்தாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள், "வாயில்லாச் சீவன் மறுமையில வந்து என்னைக் காட்டிக் குடுக்குமா?" நான், "நீ வேணுமெண்டு செய்யல்லதானே" என்றேன். அந்த ஆறுதலை என் வாயால் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது. அடுத்த திங்கட்கிழமை நோன்பு பிடித்தாள். அதற்கடுத்த திங்களும் பிடித்தாள். முழங்கால் வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறவள், அந்த நாட்களில் அதைத் தள்ளிவைத்தாள். குசினியில் மீன்தலை சமைப்பது நின்றுவிட்டது. சின்ன அறைக் கதவை இப்போது யாரும் பூட்டுவதில்லை. குட்டி வீடெல்லாம் ஓடித் திரிந்தது. அவள் அதற்குப் புதிதாகப் பொரித்த மீனைத்தான் வைப்பாள், வைப்பதற்கு முன் தான் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பாள். திங்கட்கிழமைகளில் மட்டும் அதை என்னிடம் நீட்டி, "பழுதா எண்டு பாருங்க" என்பாள். நான் மென்று பார்த்துவிட்டு நல்லம் என்பேன்.

அம்னா போனில் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா மெலிஞ்சு போயிற்றா வாப்பா, ஏதும் வருத்தமா?" என்று கேட்டாள். இல்லை மகள் என்றேன். அந்த வீட்டில் பொய் சொல்வது எனக்கு இப்படி இலேசாகி வந்தது.

நான்காவது திங்கள் பின்னேரம். நோன்பு துறக்கும் பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. மேசையில் பேரீச்சம்பழமும், தண்ணீரும், அவள் காய்ச்சிய கஞ்சியும். எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தாள். நோன்பில்லாத எனக்கு. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"ஸகியா, நீ இந்த நோன்பு புடிக்கத் தேவல்ல" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். ரதீஸ் சொன்னது, கதவைத் திறந்தது, கோப்பை, சால்வை, டொக்டருக்கு முன்னால் தலையாட்டியது, மறுநாள் தனியாகப் போய் வந்தது. பேரீச்சம்பழத்தின் மேல் ஒரு எறும்பு ஏறியது. அதை விரலால் தட்டிவிட்டாள். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். துறக்க வேண்டிய நோன்பைத் துறந்தாள். பழத்தைத் தொடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லம்.

"ஒண்டு கேக்கன்" என்றாள். "நான் போன அந்த ரெண்டு நாளும் மாசி எங்க படுத்தா?"

இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"கேற்றடியில."

"மழை பெஞ்சிச்சே."

"ஓம்" என்றேன். "கூப்பிட்டன், வரல்ல." பிறகு, அதுவும் பொய் என்பதால், "கூப்பிடல்ல" என்றேன்.

ஸகியா சால்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினாள். கதிரையைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து வெளியே இறங்கினாள். நான் கை கொடுக்க எழும்பினேன். அவள் திரும்பாமலே கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். மங்கலில் தெருக் கேற் வரைக்கும் போய், மடக்க ஏலாத காலோடு மெல்ல மெல்லக் குனிந்து, சீமெந்துத் தரையில் உட்கார்ந்தாள். குட்டி என் காலடியிலிருந்து ஓடி வாசற்படியில் நின்றது. ஒரு முன்னங்காலைப் படிக்கு வெளியே வைத்தது, எடுத்தது, மறுபடியும் வைத்தது. அங்கேயே நின்று, கேற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கத்தத் தொடங்கிற்று.