வலப்பக்கப் பின்விளக்கு

“விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க! இன்னும் ரெண்டடிதான்!” என்று கேட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார் சவ வண்டியின் டிரைவர். வாய்தான் உழைத்தது. கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

மூத்தவள் குனிந்து, காரின் வலப்பக்கப் பின்விளக்குக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். இடப்பக்கம் தம்பி மனைவி. நடுவில் பக்கத்து வீட்டு வாத்தியார். அவர் தள்ளியதைவிட முனகியதுதான் அதிகம். தம்பி உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். யார் எங்கே என்று யாரும் பேசிவைக்கவில்லை. அப்பா உட்காரும் இடத்தில் அவன் போய் உட்கார்ந்தான், இவள் தன் விளக்குக்குப் போனாள். நாற்பத்தோரு வயதில், அப்பா கூடத்தில் பிணமாகக் கிடக்கும்போதும், கால் தானாக அங்கேதான் போய் நின்றது. அதை நினைத்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கார் சரிவில் பாதி ஏறியது. அதற்கு மேல் முடியாது என்று பின்னால் வந்து பழைய இடத்திலேயே நின்றது.

“பன்னெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு வீடு இருக்கும்மா,” என்றார் டிரைவர். “ஸ்ட்ரெச்சர் போக வழி வேணும். இந்தக் காரை எடுத்தாத்தான் ஆகும்.”

வழி அது ஒன்றுதான். ரோடு போடப் போட வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. வாசலிலிருந்து தெருவுக்கு ஏற ஒரு சிமெண்ட் சரிவு, கார் அகலத்துக்கு இருபுறமும் சுவர். அந்தச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது அப்பாவின் சாம்பல் நிறக் கார். முந்தாநாள் கண் டாக்டரிடம் போய்வந்து அவரே நிறுத்தியது. இன்று காலை ஆறரைக்கு மூத்தவள் இன்சுலின் போட ஊசியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது மனிதர் சில்லிட்டுப் போயிருந்தார். ஊசியை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

தம்பி மறுபடி சாவியைத் திருகினான். கர்ர், கர்ர் என்று இருமியது. பிடிக்கவில்லை.

“கடைசி நாள்லயும் புத்தியைக் காட்டுது பாரு,” என்றான் தம்பி.

காட்டாமல் எப்படி இருக்கும்? அப்பா வாங்கியது எல்லாமே ஒரு ஜாதிதான். முதலில் ஒரு பச்சைக் கார். அதன் பின்கதவைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனியை அம்மா மடியில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். மழை வந்தால் உள்ளேயும் வரும். அப்புறம் ஒரு வெள்ளைக் கார். அதை ஒருநாள் எவனோ திருடிக்கொண்டு போனான். போனவன் தெருமுனையைத் தாண்டவில்லை. பேக்கரி வாசலில் நின்றுவிட்ட காரை விட்டுவிட்டு, போகிற போக்கில் டயரை ஓங்கி உதைத்தும் போயிருந்தான். “பாவம், நம்மள மாதிரி தள்ள அவனுக்கு ஆள் இல்ல,” என்று அம்மா சொல்ல, வீடே ஒரு வாரம் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதை விற்றுவிட்டு இந்தச் சாம்பல் காரைக் கொண்டுவந்தார்.

மூன்று காருக்கும் சட்டம் ஒன்றுதான். அப்பா ஸ்டியரிங். அம்மா இடப்பக்கம், தம்பி நடுவில், இவள் வலப்பக்கப் பின்விளக்கு. முதலில் சரிவில் ஏற்ற வேண்டும், அப்புறம் தெருக்கோடி வரை ஓட்டமாகத் தள்ள வேண்டும். “ம், இப்போ!” என்று ஜன்னல் வழியாகக் குரல் வரும். கிடங்கில் முப்பது வருஷம் மூட்டை தூக்குகிறவர்களை மேய்த்த குரல்.

ஒரு தள்ளல் மட்டும் அவளுக்கு மறக்காது. இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. அப்போதும் இந்தச் சாம்பல் கார்தான். வெளியூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் சேர வேண்டும், அன்றைக்கே கடைசி நாள். ஆறு மணி பஸ்ஸுக்குப் பெட்டியோடு கிளம்பியவளை அப்பாதான் தடுத்தார். “வாசல்ல கார் நிக்குது, என் பொண்ணு பஸ்ல இடிபட்டுட்டுப் போகணுமா? ஏழு மணிக்கு எடுத்தா ஜம்முனு போயிடலாம்.”

கார் எடுக்கவில்லை. நான்கு முறை தெருக்கோடி வரை தள்ளினார்கள். நான்காம் முறை அம்மாவுக்கு இளைப்பு வந்து, பேக்கரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மணி ஒன்பதரை. இனி எந்த பஸ்ஸும் பன்னிரண்டுக்குள் போய்ச்சேராது. இவள் இடம் அடுத்த பெயர்க்காரிக்குப் போய்விட்டது. இவள் மெயின் ரோடு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றாள். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். படிக்காத நர்ஸ் வேலையை அப்பாவுக்கே பார்த்தாள். ஊசி, கால் புண்ணுக்குக் கட்டு, கடைசி இரண்டு வருஷம் குளிப்பாட்டல் உட்பட. ஸ்டியரிங்கை மட்டும் அவர் கடைசிவரை யாருக்கும் விட்டுத்தரவில்லை.

அம்மா அதை மறக்கவே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு, இவள் கையைப் பிடித்து, “அன்னைக்கு நான் உக்காராம இருந்திருந்தா ஸ்டார்ட் ஆயிருக்கும்டி. என் கை விட்டுப்போச்சு. மன்னிச்சிடு,” என்றாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நகருங்க, நகருங்க, என்ன பண்றீங்க எல்லாரும்?”

மெக்கானிக் அண்ணன் வந்துவிட்டிருந்தார். மூன்று காரையும் திறந்து மூடிய கை. செய்தி கேட்டு ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தவர், முதலில் உள்ளே போய் அப்பா முகத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எதுக்குத் தள்றீங்க? சுவிட்ச் போட்டீங்களா?”

“எந்த சுவிட்ச்?” என்றான் தம்பி.

“விளையாடறியா தம்பி?” அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தம்பியின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில், டேஷ்போர்டின் அடியில் எதையோ தட்டினார். டக் என்று ஒரு சத்தம். “இப்போ திருகு.”

முதல் திருகலில் பிடித்தது. தம்பி பதற்றத்தில் கியரைப் போட்டு அழுத்த, கார் சரிவில் விருட்டென்று ஏறித் தெருவுக்குப் போய்விட்டது. பின்னால் மூன்று பேரும், தள்ளுவதற்கு நீட்டிய கையை நீட்டியபடி நின்றார்கள்.

மூத்தவள்தான் முதலில் கையை இறக்கினாள். ஏறிப்போய் மெக்கானிக்கின் முன்னால் நின்றாள்.

“அது என்ன சுவிட்ச்ண்ணே?”

“திருட்டுக்குப் போட்டதும்மா. அந்த வெள்ளை வண்டியை எவனோ எடுத்துட்டுப் போனான்ல? இதை வாங்கின அன்னைக்கே சார் வச்சே ஆகணும்னுட்டாரு. அதை ஆஃப் பண்ணிட்டா பிளக்குக்குக் கரண்ட் போகாது. கர்ர்னு சுத்தும், பிடிக்காது. சாவி இருந்தாலும் வேலைக்காகாது.”

“தள்ளினா?”

“ஊர் எல்லை வரைக்கும் தள்ளினாலும் வராது.” சிரிக்க ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “உங்களுக்குத் தெரியாதாம்மா? இத்தனை வருஷமா?”

இத்தனை வருஷமா! வண்டி எடுக்கும்போதெல்லாம் அப்பா இடது முழங்காலைத் தேய்ப்பார். முழங்கால் வலி என்று அவளே மருந்துக்கடையிலிருந்து தைலம் கொண்டுவந்து தந்திருக்கிறாள். அதை வாங்கியும் வைத்துக்கொண்டார் மனிதர். அம்மாவின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது கார் எடுக்கவில்லை. தம்பி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றும் எடுக்கவில்லை. அவர் கிடங்கு முதலாளியைப் பார்க்கப் போன ஒருநாள்கூட எடுக்காமல் இருந்ததில்லை. இது எப்படி யாருக்கும் உறைக்காமல் போயிற்று?

“நான் நர்சிங் சேர இருந்தேனே, அன்னைக்கு…” என்றாள்.

“ஆமா, தெரியும். அன்னைக்கு மத்தியானம் சார் ஷெட்டுக்கு வந்தாரே, ஆயில் மாத்த. அவரேதான் ஓட்டிட்டு வந்தாரு. ‘பொண்ணு படிக்கப் போகலப்பா, மனசு மாறிட்டா. வீட்டை யாரு பாத்துக்குறதுன்னு அவளுக்கே தோணிடுச்சு’ன்னாரு. ரொம்பப் பெருமையாத்தான் சொன்னாரும்மா.”

அன்று மத்தியானம் கார் தானாக எடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வெயில் ஏறினால் இதற்கு உயிர் வந்துவிடும் என்று அப்பா சொன்னதும், அதை நம்பி அம்மா காரைத் திட்டியதும் ஞாபகம் இருந்தது. காலையில் நான்கு முறையும் பின்கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே தள்ளியவள் அவள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ஒருமுறைகூட முழங்காலைத் தேய்க்கவில்லை.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு தம்பி வந்தான். கடைசியாகச் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

“அக்கா, மறந்திருப்பாருக்கா. சுவிட்ச்சை மறந்திருப்பாரு.”

“நாலு தடவையா?”

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அம்மா சாகும்போது என்கிட்ட மன்னிப்புக் கேட்டாடா. அவரு நின்னு பாத்துட்டு இருந்தாரு. அப்பவுமா மறந்திருப்பாரு?” குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நீ இல்லடி, நான்தான்’னு. அவ நிம்மதியாப் போயிருப்பா.”

மெக்கானிக் அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வைத்த சுவிட்ச். அவர் பேரில் தப்பில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை வாய்விட்டுச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வழி கிடைத்துவிட்டதால் வேலை மளமளவென்று நடந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பாவைத் தூக்கி, சரிவில் ஏற்றும்போது நான்கு ஆண்கள் மூச்சு வாங்கினார்கள். “பின்னாடி யாராவது தாங்குங்க,” என்று டிரைவர் குரல் கொடுத்தார். மூத்தவளுக்கு இரண்டடி முன்னால்தான் ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் தொங்கிக்கொண்டு போனது. இந்த முறை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாத்தியார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

சவ வண்டியின் கதவு சாத்தப்பட்டது. தம்பி மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“அக்கா எங்க?” என்று தம்பி தேடினான்.

அவள் சாம்பல் காரில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் உட்காரும் பின்சீட்டில் இல்லை. டிரைவர் சீட்டில். ஓட்டத் தெரியாது அவளுக்கு, கற்றுக்கொள்ள விட்டால்தானே.

தம்பி ஜன்னலில் குனிந்தான். “நகருக்கா. நான் ஓட்டறேன். இதுலயே பின்னாடி போயிடலாம். நீ கடைசியா ஒருதடவை…”

டேஷ்போர்டின் அடியில் டக் என்று ஒரு சத்தம். அவள் சாவியைத் திருகினாள். கர்ர், கர்ர் என்றது. இன்னொரு முறை திருகினாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கார் இருமிக்கொண்டே இருந்தது.

“எடுக்கலடா,” என்றாள். “நீங்க போங்க.”

தம்பி அவள் முழங்கால் பக்கம் பார்த்தான். கையை உள்ளே விட்டு அதைத் தட்டிவிட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் தட்டவில்லை. சவ வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

“சரிக்கா,” என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான்.

வண்டி பேக்கரியைத் தாண்டித் திரும்புகிற வரை மூத்தவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.