தண்ணீரில் பேசாதவன்

பள்ளிக்கூட மாடிப்படியில் ஏழு படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. எட்டாவது படியில் அம்மா சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் தண்ணீரில், கண்கள் மூடி. மாடியில் ஒதுங்கியிருந்த ஊர்ச்சனம், மகனைக் காணாத கலக்கத்தில் பேச்சித்தாய் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தது. பாதி சரிதான். மீதிப் பாதி, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஒவ்வொன்று உண்டு. பறப்பது, கண்ணால் நெருப்பு விடுவது போன்ற பெரிய காரியம் எதுவும் இல்லை. அம்மா தண்ணீரில் கால் வைத்தால், அதே தண்ணீரில் உடம்பு நனைய நிற்கிற எவர் பேசினாலும் அவளுக்குக் கேட்கும், எத்தனை தூரமானாலும். அப்பா இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டால் அவரை எதனாலும் அசைக்க முடியாது. ஒருமுறை பின்னால் வந்த டிராக்டர் அவர் முதுகில் முட்டி அப்படியே நின்றுபோனது. ஆனால் ஒரு காலைத் தூக்கிவிட்டால் அப்பாத்துரை எல்லோரையும் போல ஒரு ஆள்தான். நான் போடும் முடிச்சை நானே தொட்டால் ஒழிய யாராலும் அவிழ்க்க முடியாது. அண்ணன் மகேஸ்வரனுக்குச் சூடு. பச்சை வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தான் என்றால் தார் பழுத்துவிடும். அந்தச் சூடு அவன் உடம்பிலிருந்துதான் போகிறது. பன்னிரண்டு வயதில், மழையில் விறைத்துக் கிடந்த ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துப் படுத்தான். கன்று எழுந்து நடந்தது. அவன் மூன்று நாள் கண் திறக்கவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. தண்ணீரில் நின்றால் பேசக்கூடாது. மற்றவர்கள் பேச்சு அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்கும். எங்கள் பேச்சு காதுக்குள் தகரத்தை அடித்தது போல விழும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது வாய்க்காலில் நின்று பாட்டுப் பாடினேன். அரை மைல் தள்ளி நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மா வயலில் விழுந்துவிட்டாள். காதிலிருந்து ரத்தம். அன்றோடு சரி. ஆற்றில் குளித்தாலும் துணி துவைத்தாலும் எங்களுக்குள் கைச்சாடைதான். அண்ணன் ஒருமுறை ஆற்றுக்குள் உடைந்த பாட்டில் சில்லை மிதித்தான். உள்ளங்கால் பிளந்து தண்ணீர் சிவந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறி, மணலில் உட்கார்ந்த பிறகுதான் அலறினான்.

மார்கழி பிறந்த மறுநாள் அது. இரண்டு நாள் விடாத மழையில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மற்ற நாட்களில் வயல் தண்ணீர் வேறு, வாய்க்கால் தண்ணீர் வேறு, குளம் வேறு. அம்மா எதில் நிற்கிறாளோ அது மட்டும்தான் அவளுக்குக் கேட்கும். அன்று எல்லாம் ஒரே தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆழ்வார்திருநகரி தாண்டி, கொற்கை வரைக்கும் அவள் காலடியில் சனம் கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கிட்டத்தில் இருப்பவர்களின் இடத்தை அவள் காதோடு சொல்லச் சொல்ல, அப்பா கயிற்றோடு போய் ஒன்பது பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். அப்பாத்துரைக்கு நல்ல கால் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் விடியும்போதே லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு, வாழைத்தோட்டங்களில் காவல் இருப்பவர்களை ஏற்றிவரப் போனவன். போன் அணைந்துவிட்டது. இப்போது மணி இரண்டுக்கு மேல். அம்மா மூன்றாவது முறையாகத் தண்ணீரில் கால் வைத்துத் தேடுகிறாள். எங்கள் குரல்தான் அவளுக்குத் தகர அடியாக விழுமே. ஆயிரம் பேர் கத்தினாலும் அவன் ஒரு வார்த்தை சொன்னால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு அது கேட்டிருக்க வேண்டும்.

“எங்கன போகணும்னு மட்டும் சொல்லு, போறேன்” என்றார் அப்பா. நனைந்த கயிற்றுச் சுருளை மடியில் வைத்திருந்தார்.

“அவன் சத்தம் இல்ல” என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை.

அப்பா கயிற்றுச் சுருளை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். நான் காலை நனைக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்பதையெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டு. ஒருவன் மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒரு பெரியவர் பெருமாளை விடாமல் அழைக்கிறார். யாரோ பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள். ஒருத்தி திட்டிக்கொண்டே இருக்கிறாள், வாயில் என்ன கொழுக்கட்டையா, பேர் கேட்டால் சொல்லமாட்டாயா என்று. கிழக்கே ஒருவன் சிரிக்கிறான், பயத்தில்.

சிரிக்கிறவனைத் தாண்டி அவள் அடுத்த குரலுக்குப் போய்விட்டாள். நான் கையை இறுக்கினேன்.

“எம்மா, அந்தப் பொம்பள யாரைத் திட்டுதா?”

“எவனுக்குத் தெரியும். அவன் பதில் சொல்லல.”

சொல்லி முடித்ததும் அவள் கண் திறந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளத்தில் நின்றுகொண்டு பேர் கேட்டால்கூட வாய் திறக்காத ஒருவன் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டில்தான் இருக்க முடியும். அவன் குரலைத்தான் தேடியிருக்கிறோம். அந்தக் குரலை இருபது வருடமாக அடக்கி வைத்ததும் நாங்கள்தான். அவன் பேசினால் அந்த நேரம் உதவி கேட்கிற வேறொருவன் குரல் அமுங்கிப்போகும். அதையும் யோசித்திருப்பான்.

அம்மா மறுபடியும் கண்ணை மூடினாள். அந்தப் பொம்பளை வாயை மூடிவிட்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்பா எழுந்து நின்றார். மாடியில் ஒரு பிள்ளை அழுதது. அம்மா கையை உயர்த்தி அதை அடக்கச் சொன்னாள். பிறகு அவள் உதடு அசைந்தது.

“குதிரைக் காதைப் பிடி... கழுத்தைப் பிடிக்காத, வழுக்கும்...”

வாழைத்தோட்டங்களுக்குப் போகிற வண்டிப்பாதையின் முடிவில் சாஸ்தா கோயில். கோயிலுக்கு முன்னால் பீடத்தின் மேல் சிமெண்டுக் குதிரை. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் வாழைகள் மறைத்திருந்தன, வெள்ள இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது.

கிணற்றுக் கயிறு, லோடு கட்டும் நைலான் கயிறு, மாடியில் இருந்த பெண்கள் தந்த ஐந்து சேலைகள், எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். ஒரு நுனியைப் பள்ளிக்கூடத் தூணிலும், மறு நுனியை அப்பா இடுப்பிலும் என் இடுப்பிலும் கட்டினேன். பாதி வழியில் ஒரு மின்கம்பம் உண்டு. அங்கேயும் கயிற்றைக் கட்டினால்தான் திரும்பி வர முடியும். அதற்கு நான் போகவேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள், தடுக்கவில்லை. அப்பா குனிந்து ஏறு என்றார். தோளில் பாரம் இருந்தால் அவருக்குக் கால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

தண்ணீர் அவர் மார்பு வரை வந்தது. எனக்கு உயரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. குலையோடு சாய்ந்த வாழை மரங்கள் கூட்டம் கூட்டமாக மிதந்து வந்தன. அவர் ஊன்றி நிற்கும்போது அவை இடித்து விலகிப் போகும். காலைத் தூக்குகிற நேரத்தில் ஒன்று இடித்தால் போச்சு. அதனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழி காலியாகும்போது குதிகாலால் அவர் மார்பில் ஒரு தட்டு. அவர் ஒரு அடி வைப்பார். மறுபடியும் நிற்பார். ஒரு தட்டு, ஒரு அடி.

மின்கம்பத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் குதிரைத் தலை தெரிந்தது. அதன் பெரிய வெள்ளைக் கண்ணும், அதற்குக் கீழே ஒரு சிவப்புச் சேலையும். நான் அதையே பார்த்துக்கொண்டு தட்டிவிட்டேன். வாழைக்கட்டை பக்கவாட்டில் வந்ததை நான் பார்க்கவில்லை.

அப்பாவின் ஒரு கால் மேலே இருந்தது. இருவரும் சாய்ந்தோம். சேற்றுத்தண்ணீர் வாய்க்குள் போனது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. இடுப்புக் கயிறு வெடுக்கென்று இழுத்து நிறுத்தியது. முடிச்சு பிடித்துக்கொண்டது. அப்பா முதலில் ஒரு காலையும் பிறகு மறு காலையும் ஊன்றி, என்னையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. என் காலில் இரண்டு முறை தட்டினார். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால்கள் தண்ணீரில் இருக்க, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகில் சேலையால் கட்டிய மூன்று வயதுப் பெண் குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் அண்ணன். ஒரு கை குதிரைக் காதில். மறு உள்ளங்கை குழந்தையின் முதுகில்.

“இந்த ஊமைப் பயலை மொதல்ல பாருங்க” என்றாள் அந்தப் பெண். பேர் தங்கத்தாய் என்று பிறகு சொன்னாள். “காலையிலேருந்து கைய எடுக்கமாட்டுக்கான். அப்ப தோசைக்கல்லு மாதிரி சுட்டுது. இப்ப ஐஸா இருக்கு. எடுலேன்னா முறைக்கான், சவத்து மூதி.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

அண்ணன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. பாதி திறந்த கண்ணால் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கப்போவதைப் பார்த்ததும் குதிரைக் காதை விட்டுவிட்டு அந்தக் கையின் விரலை உதட்டில் வைத்தான். வைத்த வேகத்தில் நழுவினான். நான் தோளிலிருந்து பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இடுப்பில் தொங்கிய கயிற்று நுனியால் என் கையோடு சேர்த்து ஒரு முடிச்சு. மீன் செத்தால் இருக்குமே, அந்தக் குளிர்.

“எம்மா, அண்ணன் இருக்கான்” என்றேன், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. பள்ளிக்கூடப் படியில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அண்ணன் தலையை ஆட்டினான். கையால் வெள்ளத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுக் காதைத் தொட்டான். மற்றவர்கள் கூப்பிடுகிறார்கள், அவளுக்குக் கேட்கவேண்டும் என்று சாடை. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கன்றுக்குட்டியோடு படுத்த அன்றைக்கும் இப்படித்தான் மூடினான்.

அவன் கையைக் குழந்தையின் முதுகிலிருந்து பிரித்தெடுக்க அப்பாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழந்தையைத் தன் கழுத்தில் ஏற்றிக்கொண்டார். குழந்தையைக் கட்டியிருந்த சேலையால் அண்ணனை அவர் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். என்னையும் தங்கத்தாயையும் அவர் இடுப்போடு கட்டினேன். எங்களைக் கட்டியது போக மீதிக் கயிற்றைக் குதிரைக் கழுத்தில் முடிந்தேன்; அது இப்போது அங்கிருந்து பள்ளிக்கூடத் தூண் வரை ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். தங்கத்தாய் வழி நெடுக வாயை மூடவே இல்லை. இந்தா கம்பம் வரப்போகுது, இந்தா வாழைக்கட்டை வருது, பைய, பைய என்று ஒவ்வொன்றையும் சொன்னாள். அம்மாவுக்கு அது போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியாது.

மின்கம்பத்துக்குக் கிட்டே வரும்போது அண்ணனின் தலை அப்பாவின் தோளில் தொங்கியது. நான் அவன் பாதத்தைக் கிள்ளினேன். அசையவில்லை. அப்பா இரண்டு காலையும் ஊன்றி நின்றார். தண்ணீரில் நின்று அப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

“ஏலே மகேசு. பேசிட்டே வா.”

ஒன்றும் வரவில்லை.

“என்னத்தையாவது பேசுலே. அவ தாங்குவா.”

நெடுநேரம் கழித்து, கரகரவென்று, “பசிக்கி” என்றான்.

“வேற?”

“என்ன பேச?”

“எந்தெந்த வாழையைப் பழுக்க வச்சிருக்க, சொல்லு.”

“ஏத்தன்” என்றான் அண்ணன். அப்பா ஒரு அடி வைத்தார். “ரசகதலி.” ஒரு அடி. “கோழிக்கூடு. பேயன். மொந்தன்.” ஒவ்வொரு பேருக்கும் இடையில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் இனி வராது என்று நினைத்தேன். “மட்டி. சக்கை.” பேர் தீர்ந்ததும் மறுபடி ஏத்தனிலிருந்து தொடங்கினான். மூன்றாவது சுற்றில் என் கால் பள்ளிக்கூடப் படியைத் தொட்டது.

நான் முடிச்சுகளை அவிழ்க்க, ஆட்கள் இறங்கி வந்து அவனைத் தூக்கி அம்மா பக்கத்தில் கிடத்தினார்கள். அம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் இறங்கி ரவிக்கையின் தோள் நனைந்திருந்தது. காலை மட்டும் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஆவி பறக்க இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே, மாடியில் அடுப்பு மூட்டியிருந்தவர்களிடம் சொல்லிச் சூடாக வாங்கிவரச் செய்திருக்கிறாள்.

முதல் கரண்டியை அவன் வாயில் ஊற்றினாள். பாதி வழிந்தது. இரண்டாவது கரண்டி உள்ளே போனது. அவன் நெற்றியில் தன் கையை வைத்துப் பார்த்தாள். நானும் வைத்துப் பார்த்தேன். குளிர்தான். ஆனால் மழைத்தண்ணீரின் குளிர் இல்லை, உயிருள்ள ஆளின் குளிர். அவன் ஏதோ சொன்னான்.

“இந்தப் பக்கமா சொல்லு” என்று வலது காதைத் திருப்பினாள். “அங்கன கேக்கல.”

எங்களால மத்தவங்க சத்தம் போச்சா என்று கேட்டான்.

அம்மா கரண்டியை என் கையில் கொடுத்தாள். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் எடுத்தது. முன்னெல்லாம் இவ்வளவு நேரம் எடுக்காது.

“கீழ்த்தெரு பம்புசெட்டுச் சுவரைப் பிடிச்சுட்டு ரெண்டு பேரு நிக்காங்க” என்றாள் அப்பாவிடம். “ஒருத்தனுக்குக் கை அசருது.”

அப்பா கயிற்றை எடுத்தார். நான் கஞ்சியைத் தங்கத்தாயிடம் கொடுத்துவிட்டு அவர் தோளில் ஏறினேன்.