தலைகீழ்த் தோமையார்

மூன்றாவது முறையும் அதே இடம்தான். என் படத்து இயேசுவின் விலாவில் நேற்று நான் பூசிய வெள்ளையில் ஒரு விரல் இழுத்த தடம் கிடந்தது.

எண்ணெய்ப் பெயிண்ட் காய மூன்று நாளாவது ஆகும். இது என் கணவர் ட்ரெவருக்கும் தெரியும். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறார்கள். பூனைக்கு விரல் கிடையாது. ஆகவே, யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

ஐம்பத்து மூன்று வயதில் நான் சனிக்கிழமைதோறும் கோலா சிலாங்கூருக்குப் பஸ் ஏறி, படம் போடப் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படி அவர் சொன்னதில்லை, நானாக முடிவு கட்டியது. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. டிவி பார்ப்பதில்லை. காப்பி வைத்தால் கப்பைத் தட்டிவிட்டு, வைத்த இடம் சரியில்லை என்று என்மேல் பாய்கிறார். ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதே கிடையாது. என்மேல் உள்ள கடுப்பைத்தான் படத்தில் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

உயிர்த்த இயேசுவை நம்பாத தோமையார், காயத்தில் விரலை விட்டுப் பார்க்கும் காட்சி அது. நானூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியப் படத்தைப் பார்த்துப் போடுகிறேன். சுற்றிலும் இருட்டு, இயேசுவின் உடம்பில் மட்டும் வெளிச்சம். ஜூலை மூன்று, தோமையார் திருநாளுக்கு எங்கள் ஈஜோக் சர்ச்சில் வைக்கலாம் என்று ஃபாதரிடம் வாய் விட்டாயிற்று. இன்னும் பத்தே நாள். இந்த மனுஷன் இப்படிக் கெடுத்தால் எந்த முகத்தோடு ஃபாதரைப் பார்ப்பேன்?

எனக்குச் சொல்லித்தரும் நட்டாலிக்கு என் மகள் வயசுதான். மூலப்படத்தையும் நம் படத்தையும் தலைகீழாக வைத்துப் போடச் சொல்லியிருந்தாள். நேராக இருந்தால் கண், மூக்கு என்று தெரிந்ததைப் போட்டுவிடுவோமாம். தலைகீழாக இருந்தால் உள்ளதைப் பார்ப்போமாம். அன்று மத்தியானம் அப்படித் திருப்பி வைத்து, தோமையாரின் நெற்றிச் சுருக்கத்தைப் போட்டேன். விலாவையும் மறுபடி பூசினேன். பிறகு, குளிக்கப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லி, குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

வந்தார். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். விரல் மெதுவாக எழுந்தது.

"தொடாதீங்க," என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பியவர் சிரிக்கப் பார்த்தார். "சும்மா பாத்தேன்லா. தோமையார் முகம் நல்லா வந்திருக்கு."

வாய்வரை வந்த ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. தோமையார் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

தட்டிவிட்ட கப்புகளும் திறக்காத பாட்டுப் புத்தகமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. இந்த மனுஷன் தினமும் காலையில் செம்பனைக் குலை லோரியைப் பள்ளிக்கூட வாசல் வழியாக எண்ணெய் மில்லுக்கு ஓட்டிப் போகிறார்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"சீனப் பெருநாளுக்கு முன்னயே. இனிப்பு நீர் வியாதி கண்ணுல எறங்கிருச்சு."

கிளினிக்கில் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று பயமாம். ரோட்டை மனப்பாடமாக ஓட்டுகிறாராம். படத்தில் வெளிச்சமான இடம் மட்டும்தான், அதுவும் மங்கலாகத் தெரிகிறதாம். "நீ என்னா போடுறன்னு தெரியணும்ல. அதான் தடவிப் பாத்தேன்."

தோமையாரின் நெற்றிச் சுருக்கத்தை மூன்று தடவை அழித்துப் போட்டவள் நான். பக்கத்தில் படுத்து எழுகிற மனுஷனின் கண்ணை நாலு மாசமாகப் பார்க்கவில்லை. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அவர் கையைப் பிடித்து, விரலை ஈர விலாவில் வைத்தேன். "இது காயம்." பிறகு கொஞ்சம் நகர்த்தினேன். "இது தோமையார் முகம். தலைகீழா வச்சிருக்கேன்."

அவர் விரல் அங்கேயே நின்றது. எப்படி மாட்டினோம் என்று அவருக்கும் விளங்கிவிட்டது. என் மற்றக் கையால் அவர் சட்டைப் பையிலிருந்து லோரிச் சாவியை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.