ஆப்ஷன் இல்லாமலே வரும்

1

ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கியதிலிருந்து பிறந்த கதை இது. பொய்யும் ஒன்று உண்டு, அது பிறகு வரும்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'மாரண்டஹள்ளியில் அன்று மேகம் கவிந்து'. மேகமெல்லாம் இல்லை. அடித்துவிட்டேன்.

2

கணினியைப் போட்டதும் முதலில் ஒரு சிறு நிரல் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பும். யாரும் படித்துத் திருத்தும்படி திறந்துவைத்த அப்படியொரு நிரலில் வேலை செய்பவன் நான். டிஸ்ப்ளே கார்டு தனக்குள் சொந்தமாக ஒரு நிரல் வைத்திருக்கும். அதற்கு ஆப்ஷன் ரோம் என்று பெயர், எங்கள் பேச்சில் வெறும் ஆப்ஷன். உள்ளே என்ன இருக்கிறதென்று கம்பெனிக்காரன் காட்டமாட்டான். காட்டாததை ஓடவிடமாட்டேன் என்பது என் வீம்பு. ஓடவிடாவிட்டால் லினக்ஸ் என்ற இயங்குதளம் முழுதாக எழும்வரை திரை கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். (இந்த 'அவ்வளவுதான்' இருக்கட்டும். அடிக்கமாட்டேன்.)

3

அக்கா சசிகலாவின் மகள் காவியாவுக்கு அப்படியொரு கணினியை நானே தயார் செய்து கொடுத்தேன். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ் வேண்டுமென்று வரிசையாகப் பதிவதற்கும் 'ஆப்ஷன் போடுவது' என்றுதான் சொல்வார்கள். கடைசி நாள், ஐந்து மணி வரை நேரம். மூன்றரைக்கு அழைத்தாள்.

"மாமா, ஆப்ஷன் போட முடியலீங்க. ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்குது."

என் காதில் ஆப்ஷன் மட்டும்தான் விழுந்தது, அதுவும் டிஸ்ப்ளே கார்டின் ஆப்ஷனாக.

"ஆப்ஷனே வேணாங் கண்ணு. அது இல்லாமலே வரும். சும்மா உக்காந்திரு."

உட்கார்ந்திருந்தாள். ப்ரவுசிங் சென்டர் பத்து நிமிட நடைதான். மாமா நான் சொல்லிவிட்டேனே, எழுந்திருக்கவில்லை. ஐந்து மணியோடு அவள் ஆசைப்பட்ட சேலத்துக் காலேஜ் போயிற்று.

4

அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். அந்தக் கடைசி நாள் காலை கரண்ட் போய்க் கணினி பாதியில் அணைந்திருக்கிறது. மறுபடி போட்டபோது, லினக்ஸ் எழுவதற்கு முன்பே, கறுப்புத் திரைக்குள் 'தொடரலாமா' என்று கேட்டு நின்றிருக்கிறது. கேட்டது அவளுக்குத் தெரியவில்லை, தெரியாதபடி செய்தவன் நான். ஒரே ஒரு என்டர் தட்டியிருந்தால் போதும்.

தட்டினேன், வந்தது. ரிப்பேர் செய்துவிட்டேன் என்றேன். (பொய் இதுதான்.)

"வுடுங்க மாமா, நாந்தான் மொத நாளே போட்டிருக்கணும்," என்றாள்.

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன், அவள் சிரித்துக்கொண்டே

முடிவு ஆ: ஆப்ஷனை ஓடவிடும்படி நிரலைத் திருத்திவிட்டேன். திருத்தியது நிஜம். ஆனால் அது கணினிக்கான முடிவு, காவியாவுக்கானது இல்லை.

இப்போது தினமும் காலை ஓசூர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள், தப்பு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு. அவளுக்குக் கதை படிக்கும் பழக்கமில்லை. அந்தத் தைரியத்தில்தான் பெயரைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அந்த பஸ்ஸில் போகிறவர் யாராவது இதைப் படித்தால், தப்பு உன்னுடையதில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். பின்னே யாருடையது என்று கேட்பாள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும், எனக்கு வாய் வரவில்லை.