ஊதாப் பைத்தியத்துக்கு ஒரு மோதிரம்

அக்காவுக்கு ஊதா என்றால் உயிர். அவளுடைய பல் தேய்க்கும் பிரஷ் ஊதா, குடை ஊதா, சைக்கிள் ஊதா. ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரையும் கேட்காமல் கடைக் கதவுக்கும் ஊதாச் சாயம் அடித்துவிட்டு வந்தாள். முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாடிக்கையாளர்கள் "அந்த ஊதாக் கதவுக் கடை" என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்ததும் மனிதர் அடங்கிவிட்டார்.

அதனால் அக்காவைக் கட்டிக்கொள்ளப்போகிற வாத்தியார், நகைப் பட்டறையின் குறுகலான மாடிப்படியை மூச்சிரைக்க ஏறி வந்து, "உங்க அக்காவுக்கு ஊதாக் கல்லுல மோதிரம் செய்யணும், கல்லை நானே பாத்து எடுக்கணும்" என்று சொன்னபோது தங்கைக்கு ஆச்சரியமாக இல்லை. அவள் அங்கே கல் பதிக்கிறவள். உருவத்தில் சின்னவள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'கொசு'. அவர் அடுத்துச் சொன்னதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆனா கொசு, எனக்கு ஊதா தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நீலமும் ஊதாவும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுலேர்ந்தே அப்படி. சிக்னல்ல கூட, மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். இடத்தை வச்சுத்தான் நிறம்."

கொசுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பூகோள வாத்தியார். "அப்ப பசங்க மேப்புல கடலுக்கு என்ன கலர் அடிச்சாலும் மார்க் போட்டுடுவீங்களா அத்தான்?"

"சிரி, நல்லா சிரி. அவ புதுசா எதைக் காட்டினாலும் 'பிரமாதம்'னு சொல்லியே இவ்வளவு நாள் ஓட்டிட்டேன். அவ உசிரையே வச்சிருக்கிற நிறத்தை நான் ஒரு நாளும் பாத்ததில்லன்னு எந்த வாயால சொல்றது? மோதிரத்தை முதல்ல சரியா குடுத்துடறேன், அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் நீதான் எனக்குக் கண்ணு."

அந்தக் கடைசி வார்த்தை கொசுவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

கல் வியாபாரி வந்த நாளில் மழை கொட்டித் தீர்த்தது. பகலிலேயே அறை இருட்டிக் கிடந்தது. நிறக்கல்லை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார், பிறகு விளக்கில் பார் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. கொசு அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்று ஜன்னலில் வெளிச்சமே இல்லை. வியாபாரி வெளியூர் புறப்பட வேண்டும் என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். அத்தானோ பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கொசு மேஜை விளக்கைப் போட்டாள்.

வெள்ளைத் தாளில் கற்கள் உருண்டன. ஒன்று மைக்கூடு மாதிரி இருண்டு கிடந்தது. ஒன்றின் நடுவே நிறமே இல்லாமல், தாளின் வெள்ளை கண்ணாடி வழியே தெரிவதுபோல் தெரிந்தது. இன்னொன்று சுத்தமோ சுத்தம். "இதை எடுங்கம்மா, ஒரு தூசி இருக்காது" என்றார் வியாபாரி. நிறம் பார்க்கத் தெரியாத அத்தான் வேறு வழியில்லாமல் பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். ஒரு கல்லிடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கொசு, இதுக்குள்ள மழை பெய்யுது."

அவள் வாங்கிப் பார்த்தாள். ஊசி ஊசியாய் மெல்லிய வெள்ளி இழைகள், சாய்வாக, ஒரே திசையில். மழையேதான். "இது மண்ணுக்குள்ள தானா உருவான கல்லு அத்தான். அதுக்கு இந்த இழைதான் சாட்சி. சில பேரு இதைக் குறைன்னு சொல்லித் தள்ளிடுவாங்க."

"நான் தள்ள மாட்டேன். நிறம் என்ன?"

விளக்கடியில் அது பழுத்த திராட்சை போல மினுங்கியது. "அசல் ஊதா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"நான் அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்!"

அக்காவின் விரல்கள் நாளெல்லாம் மாவில் புரள்கிறவை. கொக்கி வைத்துப் பதித்தால் இடுக்கெல்லாம் மாவு ஏறிவிடும். அதனால் கொசு, கல்லைச் சுற்றித் தாழ்வாகத் தங்கச் சுவர் எழுப்பினாள். ஒளி போய்வர அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டாள். கல்லின் ஓரத்தில் முடியளவு ஒரு கீறல் இருந்தது. சுத்தியல் பட்டால் அது கல் முழுக்க ஓடிவிடும். எனவே சுவரைக் கையாலேயே, இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று நெட்டி நெட்டிக் கல்மேல் சாய்த்தாள். கீறல் இருந்த இடத்தைக் கடைசியில், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல மூடினாள்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. மோதிரத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனவள் அதை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

கல் நீலமாக இருந்தது. நல்ல, தெளிந்த, கடல் நீலம்.

விளக்குக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம் காட்டும் கற்கள் உண்டென்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கோட்டை விட்டிருந்தாள். இனிக் கழற்றவும் வழியில்லை. சுவரை நெம்பினால் கீறல் கல்லை இரண்டாக்கிவிடும்.

ஒரு வழி இருந்தது. கல்லின் அடியில் ரோஜா நிற ஜிகினாத் தாளைத் துணுக்காக வெட்டி வைத்து, பின்பக்கத்தைத் தங்கத் தகட்டால் அடைத்துவிட்டால் போதும், வெயிலிலும் ஊதாவாகவே தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அத்தானுக்குத் தெரியவே தெரியாது. கொசு துணுக்கை வெட்டி அடியில் பிடித்துப் பார்த்தாள். ஊதா வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்தாள். தாளின் பளபளப்பில் இழைகள் இருந்த இடம் தெரியவில்லை. மழை நின்றுபோயிருந்தது.

அவர் தன் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அந்த ஒன்றைத்தான். கொசு துணுக்கைக் கசக்கி எறிந்துவிட்டு அத்தானுக்கு போன் செய்தாள்.

அவர் வந்து மோதிரத்தை ஜன்னலில் பிடித்தார், விளக்கில் பிடித்தார். "எனக்கு ரெண்டுமே ஒண்ணாத்தான் இருக்கு."

"தப்பு என்னோடது அத்தான். என்னைப் போய் கண்ணுன்னு சொன்னீங்களே."

"கண்ணுன்னா ஒரு நாள் தூசி விழத்தான் செய்யும்." அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "மழை இருக்கு. அது போதும். வா, இப்பவே போய் எல்லாத்தையும் சொல்லிடலாம். தள்ளிப் போட்டா எனக்கு தைரியம் வராது."

ரொட்டிக்கடையின் பின்வாசலில் அக்கா முழங்கை வரை மாவோடு வந்து நின்றாள். அத்தான் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். நீலம் தெரியாது, ஊதா தெரியாது, 'பிரமாதம்' எல்லாம் பொய்.

"தெரியுமே" என்றாள் அக்கா.

"என்னது?"

"நீங்க திருத்த எடுத்துட்டு வந்த நோட்டுல ஒரு பையன் மேப்புல கடல் முழுக்க ஊதா அடிச்சிருந்தான். நீங்க 'மிக நன்று'ன்னு எழுதியிருந்தீங்க. ஆஹா, நம்மள மாதிரியே ஒரு பைத்தியம்னு நெனச்சேன். அடுத்த வாரம் ஒரு கால்ல நீல சாக்ஸ், ஒரு கால்ல ஊதா சாக்ஸ் போட்டுட்டு வந்தீங்க. வெளங்கிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்களா எப்பதான் சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன். மோதிரத்தைக் குடுங்க."

வெயிலில் போட்டுப் பார்த்தாள். அவளுடைய முகம் லேசாக விழுந்தது. அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. "நீலமா இருக்கே கொசு?"

கொசு நடந்ததைச் சொன்னாள், ஜிகினாத் தாள் உட்பட. அக்கா மோதிரத்தோடு, அடுப்பில் இருந்த ரொட்டியைப் பார்க்க உள்ளே போனாள். அங்கே மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏய் கொசு! ஊதாடி!"

அக்கா வெளியே ஓடி வந்தாள். நீலம். உள்ளே ஓடினாள். ஊதா. முன்கடையில் யாரோ "ரொட்டி கெடைக்குமா கெடைக்காதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாருங்க" என்றாள் அத்தானிடம். "நான் உள்ள இருந்தா ஊதா. வெளிய இருந்தா நீலம். நான் எங்க நிக்கிறேன்னு மட்டும் பாத்துக்கோங்க. உங்க சிக்னல் மாதிரி."

அத்தானின் முகம் மலர்ந்தது. அவள் உள்ளே போய்க் கையைத் தூக்கினாள். "ஊதா!" என்றார் அவர். வெளியே வந்தாள். "நீலம்!" பிறந்ததிலிருந்து இந்த இரண்டு நிறத்தையும் அவர் தப்பில்லாமல் சொன்னது அன்றுதான்.

அக்கா வாசற்படியில், பாதி வெயிலும் பாதி பல்பு வெளிச்சமுமாக நின்று விரலை நீட்டினாள். "இப்ப?"

அத்தான் கிட்டே போய்க் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப மாவு ஒட்டியிருக்கு" என்று சொல்லி, தன் சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டார்.